செம்மண் படாத மெத்தை

"இதுக்கு மேல ஒரு கிராம்கூடக் குறைக்க மாட்டேன், அம்மணி."

கோத்தகிரிச் சரிவில் வந்து நின்றதும் சூசைநாதன் இதைத்தான் சொன்னார். கையில் அவர் செய்த ஐந்தாவது சைக்கிள் சீட்.

துளசிமணி தன் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

கல்லும் வேரும் கிடக்கிற மலைப்பாதையில் சைக்கிளைப் பறக்கவிடுகிறவள் அவள். வயது இருபத்துநாலு. அவருக்கு ஐம்பத்தொன்று. மகள் வயசுப் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போகிறானாம் என்று கோயம்புத்தூர் கம்பெனியில் சிரித்தார்கள். இருபத்தாறு வருஷம் அங்கே மொபெட்டுக்கு சீட் தைத்தவர். சிரிக்கட்டும் என்று வேலையை விட்டுவிட்டு, பந்தய சைக்கிளுக்கு சீட் செய்ய வந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் அவள் அவருடைய சீட்டை மாட்டி ஓட்டினால் பிழைப்பு உண்டு. இல்லாவிட்டால், திங்கட்கிழமை அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே போய் நிற்க வேண்டும்.

முந்தைய நாலையும் அவள் வாய் திறக்காமல் திருப்பித் தந்திருந்தாள். கனம்தான் குறை என்று அவராக நினைத்துக்கொண்டார். மேல்மெத்தையில் கத்தி வைக்க மனசு வரவில்லை. உட்காருகிறவருக்கு நோகக் கூடாதே. அதனால் பக்கவாட்டைச் சீவினார். சீட்டின் முன்மூக்கைச் சீவினார். ஐந்தாவது சீட் இரண்டு வாழைப்பழ எடைகூட இல்லை.

அவள் அதை வாங்கித் தன் சைக்கிளில் மாட்டினாள். மழையில் ஊறிய செம்மண்ணைக் கை நிறைய அள்ளி அவரிடம் நீட்டினாள்.

"பேன்ட்ல பூசிக்கங்கண்ணா. பின்னாடியும், தொடை உள்பக்கமும்."

கேலி பண்ணுகிறாயா என்று கேட்டார். அவள் ஹெல்மெட்டைக் கொடுத்து, சரிவைக் காட்டினாள்.

மாதாவே என்று சொல்லி ஏறினார். உட்கார்ந்தபடியே இறங்கினார். முதல் கல் படியிலேயே சீட் அவரைத் தூக்கிப் புதரில் போட்டது.

போதும், பஸ் ஏறி வீட்டுக்குப் போங்கள் என்றாள்.

"விழுந்தா எந்திரிக்கத் தெரியும் அம்மணி. பஸ்ஸெல்லாம் அப்புறம்."

முள்ளைப் பிடுங்கி எறிந்தார். சீட்டைத் துடைத்தார். புது மண்ணை அள்ளிப் பூசிக்கொண்டார்.

இந்தத் தடவை பெடலில் எழுந்து நின்றார். சைக்கிள் இடப்பக்கம் ஓடப் பார்த்தது. தொடையால் சீட்டை அமுக்கித் திருப்பினார். வலப்பக்கம் திமிறியது, மறு தொடையால் மறித்தார். சீவின விளிம்பு கத்தியாக அறுத்தது. விடவில்லை. அடிவாரம் வரை உட்காரவே இல்லை.

துளசிமணி ஓடி வந்தாள். "இப்ப சீட்டைப் பாருங்க."

பார்த்தார்.

மேல்மெத்தை துடைத்து வைத்தபடியே இருந்தது. அவர் சீவிச் சீவி எடுத்த இரண்டு பக்கமும் மண் அப்பிச் செக்கச்செவேல்.

தோள்பையிலிருந்து கத்தியை எடுத்து அந்த மெத்தையை உரித்தார். அதில் பாதியைப் புதரில் எறிந்தார். மீதியை இரண்டு துண்டாக்கி, பக்கத்துக்கு ஒன்றாக வைத்து டேப் சுற்றினார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இதைத் தருவீர்களா என்று அவள் முதன்முதலாகத் தானே கேட்டுக் கை நீட்டினாள்.

"தர மாட்டேன்," என்றார். "நான் இறங்கிப் பாக்காத சீட்டை உனக்கு எப்படித் தர்றது?"

சைக்கிளை மேட்டில் தள்ள ஆரம்பித்தார்.

அவள் பாதையை விட்டு விலகி நின்றாள்.