மூக்கனூரார் கரையை இழுத்த கதை

மூக்கனூர்க்காரர்கள் யோசிக்காமல் எதுவும் செய்யமாட்டார்கள். அவர்களுக்கு வந்த தொல்லையெல்லாம் அதனால்தான்.

அந்த ஊர்ச் சடையனுக்கு அக்கரையில் வடிவு என்ற பெண்ணைப் பேசி, பத்து மணிக்கு முகூர்த்தம் குறித்தார்கள். தவறினால் இந்த வருஷம் வேறு நாள் கிடையாது. சடையனும், தாய்மாமன் முத்திருளனும், தோழன் பூவராகனும் தாலியோடு ஓடத்தில் ஏறினார்கள்.

"கரை சேரும்வரை யாரும் இறங்கக்கூடாது" என்றார் ஓடக்காரர்.

நடு ஆற்றில் ஓடம் மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"முழங்கால் தண்ணிதான். இறங்கி நடங்கய்யா."

"சொன்ன சொல் மாறலாமா? கரை இன்னும் வரலையே" என்றார் முத்திருளன்.

ஓடக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, தாம் மட்டும் இறங்கி நடந்தார்.

"மாமா, ஓடம் நகருது! அவரு சின்னதாகிட்டே போறாரு பாருங்க" என்றான் சடையன்.

"அவருதான்டா நடந்து போறாரு."

"நாம போகலைன்னு எப்படித் தெரியும்?"

முத்திருளன் யோசித்தார். "அக்கரைத் தென்னையைப் பாரு. அது நகர்ந்தா நாம போறோம்."

மூவரும் முறைத்தார்கள். தென்னை அசையவில்லை. சடையனுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, மறு கண்ணின் ஓரத்தை விரலால் அழுத்தித் துடைத்தான்.

"மாமா! தென்னை ஒரு முழம் நகர்ந்துச்சு!"

முத்திருளனும் அழுத்திப் பார்த்தார். தென்னை குதித்தது.

"கண்ணை உருட்டினா அது நிக்குது. விரலால தள்ளினா நகருது. விசை விரல்லதான்டா இருக்கு!"

மூவரும் மும்முரமாக அழுத்தினார்கள்.

"பூவராகா, எந்தப் பக்கம் தள்ளுறே?" என்று கேட்டார் முத்திருளன்.

"இடப்பக்கம்."

"மண்டூகமே! நான் வலப்பக்கம் தள்ளுறேன். ஓடம் எப்படிப் போகும்?"

பிறகு ஒரே பக்கமாகத் தள்ளினார்கள். தென்னையோடு கல்யாணப் பந்தலும் ஆடியது.

கரையிலிருந்து பெண்ணின் அப்பா செங்கோடன் கத்தினார். "மாப்ளே, நேரமாச்சு! இறங்கி வாங்க!"

"பதறாதீங்க மாமா! உங்க ஊரையே இழுத்துட்டு வர்றோம்!"

செங்கோடனுக்கு முகம் வெளுத்தது. "எல்லாரும் எதையாவது கெட்டியாப் பிடிச்சுக்குங்க!" என்று அலறிக்கொண்டு ஒரு தென்னையைக் கட்டிக்கொண்டார். சனம் முழுக்க ஆளுக்கொரு மரத்தைப் பிடித்தது. வடிவுக்கு மரம் மிஞ்சவில்லை. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் நடந்துவந்து ஓடத்தில் ஏறினாள்.

"மணி பத்தாகப் போகுது. கட்டுங்க" என்று கழுத்தை நீட்டினாள்.

"எப்படிக் கட்டுறது? விரலை எடுத்தா உங்க ஊரு நழுவிடுமே!"

வடிவு ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு அவன் விரலை விலக்கிவிட்டு, தன் விரலை அவன் கண்ணோரத்தில் வைத்து அழுத்தினாள்.

"ஊரை நான் பார்த்துக்கறேன். நீங்க மூணு முடிச்சையும் போடுங்க."