கூட்டிப் போக வந்தவர்கள்

வழி தவறிய உயிர்கள் மாட்டிக்கொள்ளும் அந்தச் சாப நாட்டைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வாசலில் பூதம் காவல் நிற்கிறது என்பார்கள். எல்லாம் சும்மா அளப்பு. வாசலில் கொட்டாவி விட்டுக்கொண்டு ஒரு காவல்காரன் நிற்கிறான், அவ்வளவுதான்.

வெளியே போக வருகிறவர்களிடம் அவன் ஒன்றே ஒன்று கேட்பான்: "உங்களில் மாட்டிக்கொண்டவர் யார்?" ஒருவர் "நான்" என்று மனதார ஒத்துக்கொண்டால் போதும். அவரும் அவர் கையைப் பிடித்திருப்பவர்களும் போகலாம். இவ்வளவு சுலபம். அப்படியும் உள்ளே கூட்டம் நெரிகிறது.

செங்கோடன் தன் தம்பி மாரப்பனைத் தேடிக்கொண்டு அங்கே போனான். தம்பி செத்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. துணைக்குத் தன் குரு பூரணியம்மாளை அழைத்தான். குரு அவனைவிட வயதில் சின்னவர். அங்கே தனக்கு வழி தெரியாதே என்றார் அவர். பெரிய மனுஷர்கள் அடக்கமாக அப்படித்தான் சொல்வார்கள் என்று இவனாக நினைத்துக்கொண்டு அவரையும் கூட்டிப் போனான்.

உள்ளே முதலில் பார்த்த பெண்ணிடம் விசாரித்தான். நான் மாட்டிக்கொண்டவள் இல்லை, புருஷனைக் கூட்டிப் போக வந்தவள் என்றாள் அவள். அடுத்தவர் மகளைக் கூட்டிப் போக வந்தவராம். அதற்கடுத்தவர் கூட்டாளியை. மாட்டிக்கொண்டேன் என்று ஒருத்தராவது சொல்லவேண்டுமே, ஊஹூம். செங்கோடன் தேடிக்கொண்டே நடந்தான்.

மாரப்பன் ஒரு மரத்தடியில் இருந்தான். அண்ணனைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

"உன்னை எங்கெல்லாம் தேடறது அண்ணா! வா, போகலாம்."

"நீ எதுக்குடா என்னைத் தேடணும்? செத்தது நீ. கொள்ளி வெச்சது நான்."

தம்பி குனிந்து தலையைக் காட்டினான். மொட்டையில் முடி இப்போதுதான் முளைத்திருந்தது. "இது யாருக்கு அடிச்ச மொட்டை? உனக்குத்தானே."

செங்கோடன் தன் தலையைத் தடவிப் பார்த்தான். அதுவும் அப்படியேதான் இருந்தது.

அன்றைக்கு மழை பெய்ததையும், விறகு பற்றாமல் மறுபடி நெய் ஊற்றியதையும் தம்பி சொன்னான். எல்லாம் செங்கோடனுக்கும் நினைவிருந்தது. ஆனால் அவன் நினைவில் விறகுக்கடியில் கிடந்தது தம்பி. பயந்துபோய் குருவைப் பார்த்தான்.

"யாருக்கு யாரம்மா கொள்ளி வெச்சது?"

"எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு."

மூவரும் வாசலுக்கு வந்தார்கள். காவல்காரன் கேட்டான். அண்ணன் தம்பியைக் காட்டினான், தம்பி அண்ணனைக் காட்டினான். ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டான் காவல்காரன். அங்கே ஏற்கெனவே பலபேர் இதே வாக்குவாதத்தில் இருந்தார்கள்.

நீ ஒத்துக்கொண்டால் ரெண்டு பேரும் போய்விடலாமே என்று கெஞ்சினான் மாரப்பன். செங்கோடனுக்கு அழுகை வந்துவிட்டது. தம்பியை இரண்டாம் தரமும் விட்டுவிட்டுப் போக முடியாது. ஆனாலும் அந்த ஒரு சொல் வாயில் வரமாட்டேன் என்கிறது. சொன்னால் செத்தவன் தான்தான் என்றாகிவிடுமே. தம்பிக்கும் அதே பயம்தான். கடைசியில் மாரப்பன் அண்ணன் கையை உதறிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பூரணியம்மாள் காவல்காரனிடம் போனார்.

"மாட்டிக்கிட்டது நான்" என்றார்.

பிறகு திரும்பி இரண்டு கைகளையும் நீட்டினார். ஒன்றை அண்ணன் பிடித்துக்கொண்டான், இன்னொன்றைத் தம்பி எழுந்து வந்து பிடித்துக்கொண்டான். வாசல் திறந்தது.

வெளியே வெகுதூரம் வந்த பிறகு செங்கோடன் கேட்டான்.

"எங்களுக்காகத்தானேம்மா அப்படிச் சொன்னீங்க?"

"உங்களுக்காகச் சொல்லியிருந்தா வாசல் திறந்திருக்காது."