நின்றுபோன நண்பகல்

செஞ்சூரியன் ஒன்றை மிக அருகில் சுற்றிவந்த சின்னஞ்சிறு கல் உலகம் அது. அங்கே ஒரு காட்டுக்குளத்து மணலில் முட்டைகளைப் புதைத்துவிட்டு ஆமை ஒன்று காவல் இருந்தது. பகல் நீண்டுகொண்டே போனது. மணல் கொதித்தது.

ஆமை பக்கத்து வளை நண்டிடம் போய்க் கேட்டது. "அண்ணே, சூரியன் ஏன் இப்படித் தயங்குது?"

"சூரியன் தயங்கலை, தங்கச்சி. நம்ம உலகத்தோட சுழற்சிதான் குறையுது," என்றது நண்டு. "சூரியன் இழுக்கிற இழுப்புல தரையே புடைக்குது. வளைக்குள்ள கிடக்கிற எனக்கு அது தெரியும். உலகம் சுழலும்போது அந்தப் புடைப்பு முன்னால போயிடுது. சூரியன் அதைப் பிடிச்சுப் பின்னால இழுக்குது. தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுற மாதிரிதான். கடைசியில ஒரு பக்கம் எப்பவும் சூரியனையே பார்த்திருக்கும். அங்கே பகல் முடியாது. மறுபக்கம் விடியாது."

"நாம எந்தப் பக்கம்?"

நண்டு அண்ணாந்து பார்த்தது. சூரியன் உச்சியில் அசையாமல் நின்றதுபோல் இருந்தது. "சுடுற பக்கம்தான், தங்கச்சி."

பாறைமேல் படுத்திருந்த உடும்பு சிரித்தது. "நேத்தைவிட இன்னிக்குப் பகல் இம்மிதானே கூடியிருக்கு? இம்மிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடுவாங்களா?" உடும்பு பிடித்தால் விடுமா? பாறையையும் விடவில்லை, பேச்சையும் விடவில்லை.

ஆமை தவித்தது. முட்டை புரண்டால் உள்ளே குஞ்சு செத்துவிடும். புதைத்த இடத்திலேயே விட்டால் வெந்துவிடும்.

"ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல வெயில் சாய்ஞ்ச நிலம் இருக்கு, அங்கே போயிடலாம். முட்டையைப் புரட்டாம எடு. நான் பிடிச்சுக்கிறேன்," என்றது நண்டு. தாமரை இலையில் ஈர மண் பரப்பி, முட்டைகளை வைத்து, இலையை ஆமையின் முதுகில் ஏற்றி, தானும் ஏறி அதைக் கொடுக்கால் கவ்விக்கொண்டது. ஆமை நடந்தது. காலடி மண் சுட்டது. சூரியன் அடிவானத்தில் சாய்ந்து தெரியும் அந்திநிலம்வரை அது எங்கும் நிற்கவில்லை. அங்கே குழி தோண்டிப் புதைத்தது. சில முட்டைகள் பொரியவே இல்லை, ஆமை அழுதது. மற்றவை பொரிந்து, குஞ்சுகள் குளிர்ந்த மண்ணில் ஊர்ந்தன.

குளம் வற்றியது. பாறை அனலானது. இறங்கி ஓடிய உடும்பின் பாதங்கள் வெந்தன. ஆமை விட்டுப்போன குழிக்குள் அது பாய்ந்து ஒளிந்தது. அங்கேயும் மணல் கொதித்தது.

இம்மி இம்மியாக வரும் கேட்டை இம்மிதானே என்று விட்டுவைப்பவர்க்கு, அது முழுதாக வந்து நிற்கும்போது ஓட இடமிருக்காது.