கருங்குன்றின் வெந்நீர்

தாமரைக் குளத்தைச் சுற்றியிருந்த காட்டில், மழைக்காலம் வந்தால் எல்லா விலங்குகளும் நரியின் வாசலில்தான் நிற்கும். நரி தன் குகையில் அணையாமல் நெருப்பு வளர்த்தது. முதல் வருடம் ஒரு நெருப்புக் கங்குக்கு ஒரு நண்டு என்று விற்றது. அடுத்த வருடம் இரண்டு கேட்டது. இந்த வருடம் நான்கு!

உடும்புக்குச் சூடு இல்லாவிட்டால் காலே அசையாது. அதன் வளைக்குள் பன்னிரண்டு முட்டைகள் வேறு இருந்தன. ஆனாலும் அது யாரையும் லேசில் நம்பாது. கங்கை ஊதிப் பார்த்த பிறகுதான் நண்டைக் கொடுக்கும்.

ஒரு நாள் கொக்கு எல்லோரையும் குளக்கரைக்குக் கூப்பிட்டது.

“கருங்குன்றின் அடியில் ஒரு பாறை இருக்கிறது. நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அதன் சூடு ஆறாது! அதன்மேல் ஓடையைத் திருப்பி, கால்வாய் வெட்டினால் ஒவ்வொரு வளைக்கும் வெந்நீர் வரும். பெருங்காட்டுச் சிங்கராஜா வந்து செய்து தருவார் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? நம் காடே செய்யட்டும்! கங்குக்குக் கொடுப்பதில் கால்பங்குகூட ஆகாது!”

“ஆபத்து?” என்று கேட்டது உடும்பு.

“துளிகூட இல்லை!”

“மடையைத் திறந்து மூடுவது யார்?”

கொக்கு இறகைக் கோதிக்கொண்டது. “வேறு யார்? நான்தான்.”

அப்படியானால் நாளைக்கு விலை சொல்வதும் இதுதான் என்று உடும்புக்குச் சுருக்கென்றது.

அதற்குள் நரி பாய்ந்து முன்னால் வந்தது. “ஐயோ, அந்தப் பாறையா? பக்கத்தில் போனாலே சாம்பல்! உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள்!”

நம் நல்லதில் இதற்கு எப்போதிருந்து இவ்வளவு அக்கறை என்று நினைத்தது உடும்பு.

“உடும்பக்கா, யாரைத்தான் நம்புவது?” என்று முயல் புலம்பியது.

“இப்போதைக்கு யாரையும் வேண்டாம். நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.”

மறுநாள் நடுப்பகலில் கொஞ்சம் வெயில் அடித்தது. உடும்பு குன்றைச் சுற்றிக்கொண்டு ஊர்ந்து போனது. பாறைக்கு எட்ட நின்றபோதே வயிற்றுக்கு இதமாக இருந்தது. கொக்கு சொன்ன சூடு உண்மைதான்!

பாறையின் இந்தப் பக்கத்தில் யாரோ கால்நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தது. நரி! சாம்பலாகவில்லை. கொழுகொழுவென்று இருந்தது.

மறுபக்கம் போன உடும்பு சட்டென்று நின்றது. அங்கே பாறையில் ஒரு பிளவு. சுற்றிலும் புல் கருகியிருந்தது. அதன் வாயில் ஓர் ஓணான் வெந்து கிடந்தது.

உடும்பு திரும்பி வந்து, கண்ட இரண்டையும் மறைக்காமல் சொன்னது.

நரி அசடு வழிந்தது. கொக்கோ, “நான் பொய் சொல்லவில்லை, கொஞ்சம் குறைத்துச் சொன்னேன்!” என்றது.

“அந்தக் கொஞ்சத்தில்தான் ஒரு உயிர் போயிருக்கிறது!” என்றது உடும்பு. “கால்வாய் வெட்டுவோம். ஆனால் முதலில் பிளவைச் சுற்றிக் கனமான சுவர். முறைபோட்டுக் காவல். மடையின் பொறுப்பும் வெந்நீரின் விலையும் நாம் எல்லோரும் கூடும் சபையின் கையில். சம்மதமா?”

எல்லோரும் சம்மதித்தார்கள். கொக்கும் முனகிக்கொண்டே தலையாட்டியது.

வேலை தொடங்கிய அன்றே நரி கூவியது. “ஒரு கங்கு ஒரே நண்டு!”

பாதிப் பேர் மண் தோண்டுவதை விட்டுவிட்டு அங்கே ஓடினார்கள். “இனிமேல் கால்வாய் எதற்கு அக்கா?” என்று ஓடிக்கொண்டே கேட்டது முயல்.

“இன்று ஒரு நண்டுக்குத் தர முடிகிற நரிக்கு நேற்று ஏன் முடியவில்லை? நாம் தோண்டுவதை நிறுத்திப் பார், நாளைக்கே ஐந்து கேட்கும்!”

முயல் யோசித்தது. திரும்பி வந்து குழியில் இறங்கியது. ஓடிப்போன மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

சுவரும் கால்வாயும் முடிய இரண்டு மழைக்காலம் ஆனது. அதுவரை எல்லோரும் நரியிடம்தான் கங்கு வாங்கினார்கள், உடும்பும்கூட. மூன்றாம் மழையில் வெந்நீர் மெதுவாக நெளிந்து வளைகளை நோக்கி வந்தது. எல்லோரும் மகிழ்ச்சியில் குதித்தார்கள். உடும்பு மட்டும் முதலில் வால்நுனியை நனைத்துப் பார்த்தது. பிறகுதான் தன் வளைக்குப் போகும் வழியைத் திறந்துவிட்டது.

ஆசை காட்டுகிறவர் பேச்சையும் பயம் காட்டுகிறவர் பேச்சையும் அப்படியே நம்பாமல், நேரில் போய்ப் பார்த்து முடிவெடுப்பவரே தம்மையும் காத்துப் பிறரையும் காப்பார்.