எலிப்படை பட்டினி கிடந்த கதை

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னால், மலையும் மரமும் வாய் திறந்து பேசிய காலத்தில், வெண்பாறை நாட்டில் மருதாயி என்றொரு கெட்டிக்காரி இருந்தாள். அவளுக்கு ஒரு சின்னக் கோழிப்பண்ணை. உறவென்று சொல்ல ஒரே ஒரு தம்பி, சடையன். அவன் வாய் இருக்கிறதே, சும்மா இருக்காது. ஒருநாள் தெருவில் போன கரிமுட்டன் என்ற மந்திரவாதியைப் பார்த்து, "தாத்தா, அது தாடியா, தேங்காய் நாரா?" என்று கேட்டுவிட்டான்.

விடுவானா மந்திரவாதி? மரக்கோலை ஒரு சுழற்றுச் சுழற்றினான். சடையன் சேவலாகிப் போனான்!

"ஐயோ, என் தம்பி!" என்று ஓடிவந்தாள் மருதாயி.

"மூன்று நாள் தவணை," என்றான் கரிமுட்டன். "நாளைக்குச் செள்ளுப்படை வரும், மறுநாள் ஈப்படை, மூன்றாம் நாள் எலிப்படை. இவன் உடம்பில் ஒரு கடி பட்டால் போதும், ஆயுசுக்கும் சேவல்தான். படாவிட்டால் விட்டுவிடுகிறேன்."

"வரட்டும், ஒரு கை பார்க்கிறேன்," என்று முந்தானையை இழுத்துச் செருகினாள் மருதாயி.

முதல் நாள். "அக்கா, தடி எடு, விரட்டு!" என்று கூவியது சேவல்.

"விரட்டுறது கிடக்கட்டும்டா. எதுக்கு வருதுன்னு முதல்ல பாரு!"

பார்த்தாள். கோழி ரத்தம் உறிஞ்சும் செள்ளுப்பூச்சி ஒளிய வாகாகப் பழைய வைக்கோலும் சுவரில் விரிசலும் இருந்தன. வைக்கோலை வெளியே அள்ளிப் போட்டுக் கொளுத்தினாள், விரிசலில் சுண்ணாம்பு அப்பினாள், கோழிகள் புரள ஒரு குழி நிறையச் சாம்பல் கொட்டினாள். சேவலும் புரண்டது. ஒதுங்க இடமில்லாமல் செள்ளுப்படை திரும்பிப் போனது.

இரண்டாம் நாள். "அக்கா, புகை போடு, விரட்டு!"

"விரட்டுறது கிடக்கட்டும்டா. எதுக்கு வருதுன்னு முதல்ல பாரு!"

பார்த்தாள். தண்ணீர்த் தொட்டி ஒழுகிக் கொட்டகையெல்லாம் ஈரம், எச்சமெல்லாம் சேறு. தொட்டியை மாற்றினாள். ஈர எச்சத்தை வழித்துத் தூரத்தில் குழி வெட்டி மூடினாள், தரையில் காய்ந்த உமியைப் பரப்பினாள். கடிக்க வந்த ஈக்கள் உட்காரப் பிடிக்காமல் பறந்தன.

மூன்றாம் நாள் சேவல் 'விரட்டு' என்று கூவவே இல்லை. மருதாயியே தீவனத்தைப் பானையில் போட்டுக் கல்மூடி வைத்தாள், சிந்தியதைக் கூட்டினாள், சுற்றியிருந்த புதரை வெட்டினாள், வளையெல்லாம் கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைத்தாள். அப்படியும் அந்தி சாய்ந்ததும் கதவுக்கு அடியில் கரகரவென்று சத்தம்! ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது.

மருதாயி மூலைமுடுக்கெல்லாம் துழாவினாள். 'எதுக்கு வருது?' திரும்பிப் பார்த்தாள். சேவல் கூரையைப் பார்த்தது.

"டேய் சடையா, எந்திரி."

"கால் வலிக்குதுக்கா."

"எந்திரிடா!"

எழுந்தது. அது உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பிடி கம்பு!

"பசிச்சா திங்கலாம்னு ஒளிச்சு வெச்சேங்கா," என்று அழுதது சேவல்.

"அட கூறுகெட்டவனே! ஆயுசுக்கும் கம்பே கொத்திக்கிட்டுக் கிடக்கணுமா?" ஒரு மணி விடாமல் வழித்துப் பானையில் போட்டாள். கதவிடுக்கில் கல்லைத் திணித்தாள். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது.

விடிந்தது. மூச்சிரைக்க ஓடிவந்தான் கரிமுட்டன். கையில் விரற்கடை நீளத்துக்கு ஒரு குச்சி, தாடியில் பாதியைக் காணோம்!

"பாவி மகளே! இங்கே ஒரு மணிகூடக் கிடைக்கலையாம். பசியில என் மந்திரக்கோலையே தின்னுட்டானுங்க!"

சொல்லி வாய் மூடவில்லை, சேவல் ஒரு சிலுப்புச் சிலுப்பியது. இறகெல்லாம் உதிர, சடையன் எழுந்து நின்றான்! எலிப்படை மிச்சத் தாடியைத் தேடி வந்தது. கரிமுட்டன் எடுத்த ஓட்டம், எல்லை தாண்டியும் நிற்கவில்லை.

மருதாயி தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், முதுகில் ரெண்டு வைத்தாள். சுடச்சுடச் சோறு போட்டாள். அவசரமாக அள்ளியதில் ஒரு பருக்கை கீழே விழுந்தது. அக்கா பார்த்தாள். சடையன் சட்டென்று அதைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டான்.

அன்றிலிருந்து அந்தப் பண்ணையில் கோழி பெருகியது, எலி பெருகவில்லை. அவர்கள் வயிறு நிறைந்தது. கேட்ட உங்கள் வீட்டுப் பானையும் நிறையட்டும்!