கரை உடைந்தது

தாள் கிழிகிற சத்தம் என்றால் விசுவலிங்கத்துக்கு ஒன்றுதான் நினைவுக்கு வரும். செங்கமலத்தம்மை அவருடைய கட்டுரையைக் கிழித்த சத்தம். அவசரமே இல்லாமல், ஓரம் பார்த்து, ஜவுளிக்கடைக்காரர் துணி கிழிப்பதுபோலக் கிழிப்பார். முப்பது வருடத்துக்குப் பிறகும் அது அவர் காதில் இருந்தது.

சர்வேயர் வேலையை விட்டுவிட்டு மடத்தில் பாடம் கேட்கச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. பாடம் சொன்ன அம்மைக்கு நாற்பது. அவரை 'சர்வேயர்' என்றே கூப்பிடுவார்.

அந்த ஐப்பசியில் ஏரிக்கரை போனது. மேலச்செறுவையின் வீடுகள் தப்பின. கீழச்செறுவையின் நாற்று முழுவதும் மண்ணுக்கடியில் போனது. கரை தானாக உடைந்தது, மடைக்காரன் மாயழகு மடையைத் திறக்காமல் தூங்கிவிட்டான் என்றது மேலூர். வீடு முழுகாமலிருக்க மேலூர்க்காரர்கள்தான் உடைத்தார்கள் என்றது கீழூர். திறந்தேன் என்றான் மாயழகு. அதைக் காதில் வாங்க ஆளில்லை.

ஏரிச் சங்கம் மடத்திடம் வந்தது. யார் பக்கமும் சாயாமல் ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும். அதை வைத்து மாயழகின் வேலை இருக்குமா போகுமா என்று முடிவு செய்வார்கள்.

விசுவலிங்கம் முதலில் எழுதியதில் 'கொடுமை' நாலு இடத்தில் வந்தது. அம்மை கிழித்தார். அடுத்ததில் கொடுமை இல்லை. ஆனால் மேலூர் 'விளக்கியது', கீழூர் 'புலம்பியது'. கிழித்தார். அதற்கடுத்ததில் ஊருக்குப் பதினொரு வரி என்று பங்கு வைத்திருந்தார். அம்மை பொறுமையாக எண்ணிப் பார்த்துவிட்டுக் கிழித்தார்.

ஆறாவதைக் கோபத்தோடு நீட்டினார். இதில் எந்தச் சொல் யார் பக்கம் சாய்கிறது, காட்டுங்கள் என்றார்.

"'கரை உடைந்தது.' இது யார் சொன்னது?"

"மேலூர் 'தானாக உடைந்தது' என்கிறது. 'தானாக' என்பதை நான் எடுத்துவிட்டேன். இப்போது இது பொதுச்சொல்."

அம்மை கையை நீட்டி அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துத் தரப்போகிறார் என்று அவர் நினைத்தார். அம்மை அதை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு பக்கக் கண்ணாடி சில்லுசில்லாகக் கொட்டியது.

"உடைத்துவிட்டீர்களே, அம்மா!"

"பொதுவாகச் சொல்லுங்கள், சர்வேயர். கண்ணாடி உடைந்தது."

அவர் பேனாவை எடுத்து 'உடைந்தது' என்பதை அடித்து, 'உடைத்தார்கள்' என்று எழுதி நகர்த்தினார். அம்மை அதையும் கிழித்தார்.

"நான் உடைத்ததைப் பார்த்தீர்கள். இதைப் பார்த்தீர்களா?"

"உடைந்தது என்றாலும் கிழிக்கிறீர்கள், உடைத்தார்கள் என்றாலும் கிழிக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவே தமிழில் வார்த்தை கிடையாது. நான் என்னதான் எழுதுவது?"

"ஏரி எவ்வளவு தூரம்?"

"இரண்டு மைல்."

"ஆறு கட்டுரை எழுதினீர்கள். எத்தனை தடவை போனீர்கள்?"

மறுநாள் காலை ஒற்றைக் கண்ணாடியோடு, பழைய அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சண்டைக்குப் பிறகு இரண்டு ஊரும் கரைப்பக்கம் போவதையே விட்டிருந்தன. திரும்பி வந்து எழுதியது ஐந்தே வரி.

கரையில் பதினெட்டு அடிக்கு மண் இல்லை. அது தானாகப் போனதா, வெட்டிப் போனதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மடைப்பலகை உச்சிவரை தூக்கியிருக்கிறது. அதைத் தூக்கும் திருகுக் கம்பியின் பள்ளங்களில் வெள்ளத்து வண்டல் அப்படியே காய்ந்திருக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு யாரும் அதைத் திருகவில்லை.

அம்மை படித்தார். மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

சங்கத்தில் அதை வாசித்தபோது இரண்டு ஊரும் ஒரே நேரத்தில் எழுந்தன. கீழூரிடம் விலைபோன ஆள் என்றார்கள் மேலூரார். பதினெட்டு அடி தெரிகிறவருக்கு மண்வெட்டி வெட்டு மட்டும் தெரியாதாக்கும், கண்ணாடி அந்தப் பக்கமாகப் பார்த்து உடைந்துவிட்டதோ என்றார் ஒரு கீழூர்க்காரர்.

மடத்துக்குத் திரும்பியவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் கேட்டார்.

"இரண்டு ஊரும் என்னைத் திட்டுகிறது. அப்படியானால் நான் நடுவில் நின்றுவிட்டேன் என்றுதானே அர்த்தம்?"

"அதைத் திட்டை வைத்து அளக்க முடியாது, சர்வேயர். பொதுச்சொல் என்று நீங்கள் போட்டீர்களே 'உடைந்தது', அது மாயழகின் தலைமேல் நின்றுகொண்டிருந்தது."

மாயழகு இன்னும் ஒன்பது மழைக்காலம் அந்த மடையைத் திறந்தான். பிறகு முழங்கால் முடியாமல் போய், மகள் ஊருக்குக் குடிபோனான்.