பொட்டு வைத்த பிளக்

ஆயுத பூஜையன்று டிரைவர் அமிர்தவல்லி, வக்கீலம்மாவின் காருக்கு முதன்முறையாகத் தன் கையாலேயே ஸ்பார்க் பிளக் மாற்றினாள். இரண்டு நாள் கழித்து கார் சர்வீஸுக்குப் போய்த் திரும்பியது. ஒர்க்‌ஷாப் முதலாளி குலசேகரன், கரி பிடித்த நான்கு பிளக்குகளை வக்கீலம்மாவின் மேசையில் கொட்டினார்.

“இவ மாட்டின லட்சணத்தைப் பாருங்க! கழற்றிட்டுப் புதுசு போட்டிருக்கேன். இவளை முதல்ல வேலையை விட்டு அனுப்புங்க.”

அருகில் நின்ற அமிர்தவல்லி முன்னால் வந்தாள். “இப்ப வண்டியில இருக்கிறது நீங்க போட்டதா அண்ணே?”

“நாலும் டப்பாவைப் பிரிச்சு நேரா மாட்டினது!”

அவள் இருவரையும் வாசலில் நின்ற காருக்கு அழைத்துப் போய், பானெட்டைத் திறந்து நான்கையும் கழற்றி நீட்டினாள். ஒவ்வொன்றின் வெள்ளைப் பீங்கானிலும் மங்கலாக ஒரு குங்குமப் பொட்டு.

“பூஜையில வெச்சு, பொட்டிட்டு நான் மாட்டினது. உங்க டப்பாவுல பொட்டோடயா வருது?”

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். “யாரை அனுப்பணும்னு சொன்னீங்க, குலசேகரன்?”